வராதவரைத் தேடிப் போவது யார்?

வேலை முடிந்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் இந்த மன்றத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும், இடமில்லாமல் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் செவிலியர் பயிற்சி மாணவியருக்கும் என் வணக்கம். எனக்குத் தந்திருக்கும் தலைப்பு நீளமானது. வயது வந்தோருக்கான சமுதாய மனநலச் சேவைகளை மேம்படுத்துவது எப்படி? இதைப் பற்றி அறிக்கைகள் உண்டு, கொள்கைகள் உண்டு, சட்டமே உண்டு. அத்தனையையும் ஒரு மாலையில் பேச முடியாது. ஆகவே அந்தப் பெரிய தலைப்பை ஒரே ஒரு சின்னக் கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். மாதம் தவறாமல் மாத்திரை வாங்க வரவேண்டிய ஒருவர் இந்த மாதம் வரவில்லை. அவரைத் தேடிப் போவது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும் ஊரில் மனநலச் சேவை இருக்கிறது. பதில் இல்லாத ஊரில், எத்தனை பெரிய கட்டடம் நின்றாலும், சேவை இல்லை. இதுதான் என் வாதம். இதை நிறுவத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

அந்த ஒருவரைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இவர் தனி ஒரு மனிதர் இல்லை. பலரைச் சேர்த்துச் செய்த உரு. வயது 38. கொத்தனார். சில வருடங்களாக யாரோ தன்னைப் பற்றியே பேசுவது அவர் காதில் விழுகிறது. முதலில் மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். பிறகு யாரோ சொல்லி மாவட்டப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். மருத்துவர் பார்த்தார், மனச்சிதைவு என்றார், ரிஸ்பெரிடோன் எழுதினார், கை நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். சில வாரங்களில் குரல்கள் அடங்கின. வீட்டில் எல்லோரும் இரவு முழுக்கத் தூங்கினார்கள். அடுத்த மாதம்? ஊரிலிருந்து ஒரு பஸ், டவுனிலிருந்து இன்னொரு பஸ். துணைக்கு வந்த அம்மாவுக்கு அன்றைய நூறு நாள் வேலைக் கூலி போயிற்று. ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. அந்த வரிசையின் முடிவில் ஒரு பழுப்புக் கவர். அதில் பதினைந்து நாள் மாத்திரை. மீதிக்கு, “ஸ்டாக் இல்லம்மா, அடுத்த வாரம் வாங்க.” அடுத்த வாரம் யார் போவது? அதற்குள் கொத்தனாருக்கும் உடம்பு கனக்கிறது, விடிந்தும் எழுந்திருக்க முடியவில்லை, சாரத்தில் ஏறினால் தலை சுற்றுகிறது. மாத்திரையை நிறுத்துகிறார். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. “பாத்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கான்” என்கிறது தெரு. மூன்றாவது மாதம் குரல்கள் திரும்புகின்றன.

இதில் குற்றவாளி யார்? மருத்துவரா? அவர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார். அம்மாவா? அவர் ஒரு நாள் சோற்றை விட்டுவிட்டு வந்தார். மருந்தாளுநரா? இல்லாததை அவர் எங்கிருந்து எடுத்துத் தருவார்? ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செய்தார்கள். ஆனாலும் அந்த மனிதர் கைநழுவிப் போனார். ஏன்? தேதி தாண்டிய மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, “என்னண்ணே, இந்த மாசம் வரலையே” என்று கேட்க ஒரு ஆள் இல்லை. “தலை சுத்துதா? அளவைக் குறைச்சுப் பாக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேப்போம்” என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்த ஒரு ஆள் இல்லாத இடத்தில்தான் நம் மனநலச் சேவை முழுவதும் இடறி விழுகிறது.

இங்கே வயது வந்தோர் என்று தனியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. குழந்தைக்கு அங்கன்வாடி இருக்கிறது. பள்ளிப் பிள்ளை நான்கு நாள் வராவிட்டால் ஆசிரியர் விசாரிக்கிறார். கருவுற்ற பெண்ணின் பெயர் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது. தேதி தவறினால் செவிலியரே வீட்டுக்கு வருகிறார். இருபத்தைந்திலிருந்து ஐம்பது வரை உள்ள ஆணுக்கும், பிள்ளைப்பேறு முடிந்த பெண்ணுக்கும் யார் இருக்கிறார்கள்? உழைக்கிற வயது, சம்பாதிக்கிற வயது, ஆகவே யாரும் தேடவேண்டாத வயது என்று நினைத்துவிட்டோம். மனச்சிதைவு பெரும்பாலும் வாலிப வயதில்தான் தலைகாட்டுகிறது. யாரும் தேடாத வயதில் வருகிற நோய் அது.

அளவைச் சொல்கிறேன். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. 12 மாநிலங்கள், அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. வயது வந்தோரில் 100க்கு 10.6 பேர், கேட்ட அந்தக் காலத்தில், ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருந்தார்கள். பத்தில் ஒருவர். இந்த மன்றத்தில் ஒரு வரிசைக்குப் பத்து நாற்காலி. வரிசைக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களில் சிகிச்சை கிடைக்காமல் இருந்தவர்கள், நோய்க்கு நோய் வேறுபட்டு, 100க்கு 70 முதல் 92 பேர் வரை. சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்குமாகக் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழித்துக்கொண்டிருந்தன என்பதும் அதே கணக்கெடுப்பில் வருகிறது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆனால் மருந்துக்குப் போய்ச் சேர்கிற வழி இலவசம் இல்லை.

சரி, தேடிப் போவதால் நோய் தீருமா? தீவிரமான நோயை வீட்டில் வைத்துக் குணப்படுத்த முடியுமா? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு ஒரு தடவை உலகத்துக்கே பதில் சொல்லியிருக்கிறது. மனநோய்க்கு இல்லை, காசநோய்க்கு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. அன்று காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல படுக்கை, முட்டை, பால், ஓய்வு, ஊரைவிட்டு ஒதுங்கிய இடம். ஏழைக்கு அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? ஆய்வாளர்கள் 193 நோயாளிகளை எடுத்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மீதிப் பேருக்கு வீட்டில் வைத்தே மாத்திரை. எந்த வீடு? ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் நெருக்கடியான சென்னை வீடுகள். சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு. ஓராண்டு முடிவில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழச் சானடோரியக்காரர்கள் அளவுக்கே குணமாகியிருந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் தொற்று கூடவும் இல்லை. 1959இல் அந்த முடிவு வெளியானது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கச் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

நான் இங்கே நிற்க விரும்புவது அந்த முடிவின் மேல் இல்லை. அதை அடைந்த வழியின் மேல். வீட்டுக்கு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, போனால் போகிறது என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். படுக்கைக்குப் பதிலாக அவர்கள் வைத்தது ஆளை! சேத்துப்பட்டிலிருந்து கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். அந்தப் பாடம் அவ்வளவு தூரம் நடந்து போய்ச் சேரவே நமக்கு அறுபது எழுபது ஆண்டுகள் ஆகின்றன.

கீழ்ப்பாக்கத்தைக் குறைத்துப் பேசவில்லை. 1794இல் புரசைவாக்கத்தில் தொடங்கி, 1871இல் இன்றைய இடத்துக்கு வந்த நிறுவனம் அது. 1,800 படுக்கைகள். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவராகிய சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். இன்னொரு பெரிய மருத்துவமனை கட்டவில்லை. 1984இல் மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காக ‘ஸ்கார்ஃப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான படுக்கைகளைக் கட்டி ஆண்ட ஒருவர், நோயாளி வெளியே போனபின் நடப்பதுதான் முக்கியம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இன்னொரு பக்கம், நம் ஊரில் யாராவது கொஞ்சம் வித்தியாசமாகப் பேசினால் “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்கிறோம். ஒரு மருத்துவமனையின் பெயரையே வசவாக மாற்றிய சமூகம் நாம். அந்த வாசலை மிதிக்க ஒருவர் ஏன் தயங்குகிறார் என்று வேறு விளக்கம் தேவையில்லை.

தேடிப் போகாததன் விலை என்ன? அதையும் தமிழ்நாடு கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நாடி வருவோரை வைத்துத் தனியார் நடத்திவந்த காப்பகங்களில் ஒன்று. ஓலைக் கொட்டகை. உள்ளே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள். தீ பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களுடைய குடும்பங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அடித்துப் பார்த்து, அழுது பார்த்து, மருத்துவமனைக்கு இரண்டு தடவை அலைந்து பார்த்து, கையிலிருந்த நகையை விற்றுவிட்டு, கடைசியில், “இங்கே விட்டால் சோறாவது போடுவார்கள்” என்று விட்டுப் போனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். சங்கிலி எங்கே தொடங்குகிறது? யாரும் கதவைத் தட்டாத வீட்டில் தொடங்குகிறது.

தீக்குப் பிறகு அரசு அந்தக் காப்பகங்களை மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நல்லது. ஆனால் அங்கிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் எங்கே அனுப்பப்பட்டார்கள் தெரியுமா? கீழ்ப்பாக்கத்துக்கு. ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து சென்னைக்கு! அன்றைய அவசரத்தில் வேறு வழி இருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் அந்த ஒரு பயணத்தில் நம் மனநலச் சேவையின் வரைபடமே தெரிகிறது. நடுவில் எதுவுமே இல்லை. ஒரு முனையில் சங்கிலி, மறுமுனையில் கீழ்ப்பாக்கம்.

நடுவில் ஒன்றை உருவாக்கத்தான் திட்டங்கள் வந்தன. 1982இல் தேசிய மனநலத் திட்டம். 1980களின் நடுவில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் செய்து பார்த்த முன்மாதிரி: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கே பயிற்சி கொடுத்து அங்கேயே மருந்து கொடுப்பது. அதை வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம். நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட ஒருசில மாவட்டங்களுள் நம் திருச்சியும் ஒன்று. இன்று நாடெங்கும் 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு இது ஒப்புதல் பெற்றிருக்கிறது. ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியலாளர், ஒரு சமூகப் பணியாளர், ஒரு செவிலியர் என்று ஒரு குழு. ஜீப்பில் ஊர் ஊராகப் போய் முகாம் நடத்துகிறது. வந்தவர்களைப் பார்க்கிறது. வந்தவர்களை! என் பேச்சு முழுவதும் இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. மாதாந்திர அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். போன மாதம் வந்து இந்த மாதம் வராதவர்கள் எத்தனை பேர் என்பதற்கும் ஒரு கட்டம் இருந்து, அதை மேலிருக்கும் ஒருவர் படித்துக் கேள்வி கேட்டால், அந்த ஜீப் போகிற வழியே மாறிவிடும்.

வழி மாறினால் பலன் உண்டா? உண்டு என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2010இல் ஸ்கார்ஃப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை இறக்கியது. பேருந்துக்குள்ளேயே ஒரு சிறிய அறை. அதில் ஒரு திரை. திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர். பக்கத்திலேயே மருந்து கொடுக்கும் இடம். பேருந்து ஊரில் வந்து நிற்கும், நோயாளி ஏறி உட்கார்ந்து பேசுவார், மாத்திரையோடு இறங்குவார். இதில் எல்லோரும் வியப்பது அந்தத் திரையை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதே வட்டாரத்திலேயே வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்த களப்பணியாளர்கள். வண்டி வராத நாளிலும் ஊரில் இருப்பவர்கள் அவர்கள்தான். இன்னார் வீட்டில் இன்னார் மாத்திரையை விட்டுவிட்டார் என்ற செய்தி திரைக்குத் தெரியாது. பால் வாங்கப் போகிற இடத்தில் அவர்களுக்குத் தெரியும்.

இதைவிடக் கறாரான சான்றும் இருக்கிறது. மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரை வைத்து இந்தியாவில் மூன்று இடங்களில் ஓர் ஆய்வு நடந்தது. ‘லான்செட்’ இதழ் அதை 2014இல் வெளியிட்டது. ஓர் இடம் தமிழ்நாடு. ஒரு பிரிவினருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு சேர்த்து, பயிற்சி பெற்ற சாதாரண சமுதாயப் பணியாளர் வீட்டுக்கே வந்து பேசுவார்: நோய் என்ன, மாத்திரை எதற்கு, வேலைக்குத் திரும்புவது எப்படி, அரசு உதவி எங்கே கிடைக்கும் என்று. ஓராண்டு கழித்து, இரண்டாம் பிரிவினரின் நோய்க்குறிகளும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. எவ்வளவு கூடுதல்? ஓரளவுதான். மலைபோன்ற வேறுபாடு இல்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஆய்வாளர்கள் சொன்ன இன்னொரு செய்தியையும் சேர்த்துக் கேளுங்கள். சேவைகள் குறைவாக இருக்கும் இடங்களில், கிராமப்புறங்களில், தொடக்கச் சேவையாக இதை வைப்பதுதான் மிகப் பொருத்தம் என்றார்கள். அதாவது, ஒன்றுமில்லாத இடத்தில்தான் இந்த ஒரு ஆளுக்கு மதிப்பு அதிகம்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதல் எதிர்வாதம்: மருத்துவர்களே இல்லை, தேடிப் போக ஆள் எங்கே? உண்மை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆனால் கவனியுங்கள், நான் மருத்துவரைத் தெருவுக்கு அனுப்பச் சொல்லவில்லை. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2017இல் வெளியானது. மனநலத் துறையில் முன்பயிற்சி எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டுத் தடவை நோயாளியோடு உட்கார்ந்து பேசவைத்தார்கள். நிலையத்தில் பேசலாம், வீட்டிலும் பேசலாம். மூன்று மாதத்தில், அந்தப் பேச்சைப் பெற்றவர்களில் 100க்கு 64 பேர் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேர். யாழ்ப்பாணத்தில் கவுன்சலிங் என்பதற்கு ‘உளவளத்துணை’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதில் ‘துணை’ இருக்கிறது பாருங்கள், எனக்கு அது பிடிக்கும். நாம் ‘ஆலோசனை’ என்கிறோம். ஆலோசனை சொல்கிறவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. துணையாக வருகிறவர் கூடவே நடக்கவேண்டும். பத்தாம் வகுப்பு படித்த, ஊர் மதிக்கிற, இரகசியம் காக்கத் தெரிந்த ஒரு பெண்ணால் இதைச் செய்ய முடியும். அவருக்கு மேலே, கேட்டால் பதில் சொல்ல, ஒரு மருத்துவர் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது எதிர்வாதம் குடும்பத்தின் பெயரால் வருகிறது. “நம்ம பண்பாட்டில் குடும்பம் பார்த்துக்கொள்ளும், வெளியாள் எதற்கு?” நம் குடும்பங்களின் வலிமையை நானும் மறுக்கவில்லை. 1950களிலேயே அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பத்தாரையும் தங்கவைத்தார், வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் நோயாளியோடு வீட்டாரும் தங்கவேண்டும் என்பதை வழக்கமாகவே வைத்திருக்கிறது. மேல்நாடும் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் இது. ஆனால், குடும்பம் தனியாகவே போதுமா? சென்னை நகரத்தில் மனச்சிதைவு உள்ளவர்களைத் தெருத் தெருவாகத் தேடிப் பார்த்த ஸ்கார்ஃப் ஆய்வு ஒன்று 1998இல் வந்தது. கண்டெடுத்தவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சிகிச்சை பெற்றதில்லை. அவர்களில் பலர் கூட்டுக் குடும்பங்களில் இருந்தவர்கள். குடும்பம் அவர்களைக் கைவிடவில்லை. சோறு போட்டது, மூலையில் இடம் கொடுத்தது, தாங்கிக்கொண்டது. தாங்கிக்கொண்டே இருந்ததால் சிகிச்சைக்குக் கொண்டுவரவில்லை. அதுவும் எங்கே? பெரிய மருத்துவமனை பஸ் தூரத்தில் இருக்கும் சென்னையில். ஆகவே தூரம் என்பது கிலோமீட்டர் மட்டும் இல்லை.

மூன்றாவது, அமெரிக்காவைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். பைத்தியக்கார விடுதிகளைக் காலி செய்தார்கள், நோயாளிகள் நடைபாதைக்கும் சிறைக்கும் போனார்கள் என்று. சொல்வது சரி. 1963இல் கென்னடி சமுதாய மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நாடெங்கும் 1,500 மையங்கள் என்று பேச்சு. கட்டியது ஏறத்தாழப் பாதி. படுக்கையை எடுத்துவிட்டார்கள், ஆளை வைக்கவில்லை. அதே காலத்தில் இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தில் மருத்துவர் பசாலியா என்ன செய்தார்? விடுதியை மூடினார், ஆனால் அதற்கு முன்பே பேட்டைக்குப் பேட்டை இரவும் பகலும் திறந்திருக்கும் மையங்களை வைத்தார். ஒவ்வொன்றிலும் சில படுக்கைகள், வீட்டுக்குப் போய்வரும் ஊழியர்கள், தங்க வீடுகள், உழைக்கக் கூட்டுறவுச் சங்கங்கள். 1978இல் இத்தாலி சட்டமே கொண்டுவந்தது. அமெரிக்காவின் கதை என் வாதத்தைத் தோற்கடிக்கவில்லை. அதற்குச் சாட்சி சொல்கிறது. நான் கீழ்ப்பாக்கத்தை மூடச் சொல்லவும் இல்லை. கொந்தளிப்பு மிகும்போது படுக்கை வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போகிறவருக்கு வழித்துணை வேண்டும் என்கிறேன்.

நான்காவது எதிர்வாதம் கனமானது, நேர்மையானது. “வீட்டு வாசலில் மனநலப் பணியாளர் வந்து நின்றால் தெரு என்ன பேசும்? பெண்ணுக்கு வரன் வருமா? தேடிப் போவது என்கிறீர்கள், அது வேவு பார்ப்பது ஆகாதா?” ஆகும், கவனமில்லாமல் செய்தால் நிச்சயமாக ஆகும். சேத்துப்பட்டில் சொல்லாமல் போய் மாத்திரை எண்ணினார்கள். காசநோய்க்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. மனச்சிதைவு உள்ள பலருக்கு ஏற்கெனவே யாரோ தன்னைக் கண்காணிப்பதாக அச்சம்! அங்கே திடீர் சோதனை உதவாது. முதல் தடவை மருத்துவமனையிலேயே கேட்டுவிடவேண்டும்: “நீங்கள் வராவிட்டால் நாங்கள் வீட்டுக்கு வரலாமா? யார் வரலாம்? எந்த நேரத்தில்? அல்லது போன் போதுமா?” வரவேண்டாம் என்றால் வரக்கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளி தன் சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை கொடுக்கிறது. சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. சமுதாயத்தில் வாழும் உரிமையைச் சொல்கிறது. வீடு சார்ந்த மறுவாழ்வு அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் கேட்பதைத்தான் நான் கேட்கிறேன்.

தெரு பேசும் என்ற அச்சத்துக்கு என் பதில் இது. தனி வண்டி வேண்டாம், தனிச் சீருடை வேண்டாம், தனிப் பையே வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று, ஏர்வாடித் தீக்கு இருபது ஆண்டு நிறைவதற்கு முந்தைய நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பெயரிலேயே ‘தேடி’ இருக்கிறது! பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் பையைத் தோளில் மாட்டி வருகிற பெண்ணைப் பார்த்து எந்தத் தெருவும் எதுவும் பேசுவதில்லை. சர்க்கரை மாத்திரைக்கும் ரிஸ்பெரிடோனுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் என்ன வேறுபாடு? இரண்டும் அதே கவர். நோய் நிலையாக இருக்கிறவருக்கு மாதாந்திர மாத்திரை ஒவ்வொரு ஊரிலும் அதே பையில், அதே கையால் வரட்டும். மாத்திரை தீரும் தேதி அவர் நோட்டில் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை ஒரு நாளும் ‘ஸ்டாக் இல்லை’ ஆகாமல் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னது மிகச் சாதாரண விஷயம். ஆனால் அது நடக்காவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

கோயில், தர்கா என்று போகிறவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தடுக்கவேண்டாம். தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் பார்த்து எழுதியது 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. தனிச் சடங்கு, மருந்து எதுவுமில்லாமல், அடைக்கலம் கிடைத்த அமைதியிலேயே நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை, கூட வீட்டார் இருந்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு போதாது என்பதும் உண்மை. ஆகவே மருந்து அங்கே போகட்டும். குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் மருந்தும் துஆ என்னும் பிரார்த்தனையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டன. அதே ஏர்வாடியிலும் பின்னாளில் மனநல மருத்துவக் குழு தர்காவுக்கே போய் அமர்ந்தது. தேடிப் போவது என்றால் அதுவும்தான்.

மாத்திரையோடு வேலை முடிந்துவிடாது. அந்தக் கொத்தனாருக்குக் குரல்கள் அடங்கின. சித்தாள்கூட அவரோடு வேலைக்கு வர மறுத்தால்? வீடே இல்லாதவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது? 1993 முதல் சென்னையில் வீடற்ற மனநோயாளிகளுக்காக உழைக்கும் ‘தி பான்யன்’ அமைப்பு இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. பல ஆண்டு விடுதியிலேயே கிடந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் கூட இருப்பார். காலையில் யார் காப்பி போடுவது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். ரேஷன் கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டோடு சண்டையும் போடுகிறார்கள். பக்கத்து வீட்டோடு சண்டை போடும் உரிமை, நண்பர்களே, சாதாரண உரிமை இல்லை! ஐந்து வருடம் வார்டில் இருந்தவரைக் கேட்டால் தெரியும்.

பணம்? கேட்பவர்களுக்கு நீண்ட பதில் இல்லை. தேடிப் போகிற பெண்கள் ஏற்கெனவே தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்கள். பை ஏற்கெனவே அவர்கள் தோளில் இருக்கிறது. அவர்களுக்குத் தரும் ஊக்கத்தொகையை இந்தக் கூடுதல் வேலைக்குத் தக்கபடி உயர்த்தவேண்டும். இலவசமாகத் தலையில் கட்டக்கூடாது. வேலையைக் கூட்டிவிட்டுக் கூலியைக் கூட்டாத திட்டம் ஆறே மாதத்தில் நோட்டில் மட்டும் நடக்கும், இது நமக்குத் தெரியாததா?

நிறைவாக, இந்த மன்றத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது இன்று இரவே பேச ஒரு குரல் தேவைப்பட்டால், 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது, 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். அடுத்தது உங்கள் ஊருக்கானது. ஆண்டுக்கு ஆறு நாள் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. நவம்பர் 1 அவற்றில் ஒன்று. அன்று குடிநீர் பேசுவீர்கள், சாலை பேசுவீர்கள், தெருவிளக்கு பேசுவீர்கள். ஒருவர் மட்டும் எழுந்து, யார் பெயரையும் சொல்லாமல், சுகாதாரச் செவிலியரைப் பார்த்து இதைக் கேளுங்கள்: “நம்ம ஊரில் மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களில் போன மாதம் வாங்க வராதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்கு யார் போனார்கள்?” பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லை என்றால், இல்லை என்றே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.